ஆன்டிபாடியும் செல் லைனும்: நாமே செய்வதா, வெளியே கொடுப்பதா, வங்கியில் வைப்பதா?

ஒரு ஹைப்ரிடோமா செல் லைன், அதாவது ஒரே ஆன்டிபாடியைச் சுரந்துகொண்டே பெருகும் கலப்புச் செல்களின் பரம்பரை, கையில் இருக்கிறது. அது சுரக்கும் ஆன்டிபாடி (ஒரு குறிப்பிட்ட இலக்கோடு ஒட்டும் நோயெதிர்ப்புப் புரதம்) நன்றாக வேலை செய்கிறது. இனி ஆன்டிபாடியைச் சுத்திகரிக்க வேண்டும், சோதிக்க வேண்டும், செல்களை உறைய வைத்துப் பத்திரப்படுத்த வேண்டும். எல்லாவற்றையும் சொந்த ஆய்வகத்திலேயே முடிப்பதா, நிறுவனத்தின் பொது ஆய்வு வசதியிடம் கொடுப்பதா, கட்டணச் சேவைக்கு அனுப்புவதா, செல் வங்கியில் ஒப்படைப்பதா என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று கொட்டேஷன்களைக் காட்டி, எது மலிவு என்கிறார்கள். பார்த்தால், அத்தனையும் சுத்திகரிப்புக்கான கொட்டேஷன்களாகவே இருக்கும்.

இதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. சுத்திகரிப்பு கெட்டுப்போனால் அடுத்த வாரம் திரும்பச் செய்யலாம். செல் செத்துப்போனாலோ, சுரப்பதை நிறுத்திவிட்டாலோ, அந்த ஆன்டிபாடி திரும்பக் கிடைப்பது அரிது. அதனால் பத்திரப்படுத்துவதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அப்புறம் சோதனை. சுத்திகரிப்பைக் கடைசியில் பார்த்தால் போதும். மூன்று வேலையையும் ஒரே இடத்தில் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், தவறு நடந்தால் மீள முடியுமா என்பது. ஹைப்ரிடோமா என்பது இயல்பிலேயே நிலையில்லாத செல். 1975இல் கோலரும் மில்ஸ்டீனும் காட்டிய முறைப்படி, ஆன்டிபாடி சுரக்கும் எலியின் பி செல்லையும் சாகாமல் பெருகும் மைலோமா என்ற புற்றுச் செல்லையும் இணைத்து அதை உருவாக்குகிறோம். இணைந்த செல்லில் குரோமோசோம்கள் அளவுக்கு மீறி இருக்கும். பிரிந்து பெருகும்போது சிலவற்றை அது உதிர்த்துக்கொண்டே போகும். ஆன்டிபாடி மரபணு இருக்கும் குரோமோசோம் உதிர்ந்தாலும் செல் சாகாது. சுரக்கும் பாரம் இல்லாததால் முன்னைவிட வேகமாகப் பெருகும், சில வாரங்களில் குடுவை முழுக்க அந்தச் செல்களே நிறைந்துவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாம் ஆரோக்கியமாகத்தான் தெரியும், மீடியத்தில் (செல் வளரும் ஊட்டத் திரவத்தில்) ஆன்டிபாடி மட்டும் இருக்காது.

இரண்டாவது, ஆன்டிபாடி எதற்குப் போகிறது என்பது. வெஸ்டர்ன் பிளாட், எலைசா போன்ற, ஆன்டிபாடியின் ஒட்டும் தன்மையை வைத்துச் செய்யும் சோதனைகளுக்கு ஓரளவு சுத்தம் போதும். உயிருள்ள செல்கள் மேலோ விலங்குகளிலோ பயன்படுத்துவதாக இருந்தால் எண்டோடாக்சின் (பாக்டீரியாவிலிருந்து வரும் நச்சு) அளவு முக்கியமாகிவிடும். சாயமோ என்சைமோ இணைப்பதாக இருந்தால் எந்த பஃபரில் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசலில்) கைக்கு வருகிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கும்.

மூன்றாவது, சான்று. சொந்தப் பயன்பாட்டுக்கு ஆய்வக நோட்டுப் பதிவு போதும். காப்புரிமை, நோயறி கிட், பிறருக்கு விநியோகம் என்று போனால் மூன்றாம் தரப்பு அறிக்கை வேண்டும். அடுத்து, இது ஒரே ஒரு முறைக்கான தேவையா, மாதாமாதம் வருவதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக உரிமை. செல் யாருடையது, ஆன்டிபாடியின் மரபு வரிசைத் தகவல் யாரிடம் இருக்கும், வேலை முடிந்தபின் மிச்சக் குப்பிகள் எங்கே போகும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறதா?

சொந்த ஆய்வகத்தில் செய்வது

சுத்திகரிப்பின் அடிப்படை எளிது. செல் வளர்ந்த மீடியத்தை வடிகட்டி, புரோட்டீன் ஏ அல்லது புரோட்டீன் ஜி ஏற்றிய ரெசின் (நுண்மணிகள்) வழியாக விடுகிறோம். ஐஜிஜி (மிகப் பரவலான ஆன்டிபாடி வகை) ஒட்டிக்கொள்ளும், மற்றவை ஓடிவிடும். பிறகு அமில பஃபரால் ஆன்டிபாடியை விடுவிக்கிறோம். இரண்டு ரெசினில் எது என்பது ஆன்டிபாடியின் வகையைப் பொறுத்தது. எலியின் ஐஜிஜி1 சாதாரண நிலையில் புரோட்டீன் ஏ-யில் பலவீனமாகத்தான் ஒட்டும், அதற்கு ஜி பொருத்தம். ஐஜிஎம் என்றால் இரண்டையும் நம்ப முடியாது, வேறு வழிதான் பார்க்க வேண்டும். அதனால் ரெசின் வாங்கும் முன் ஐசோடைப் (ஆன்டிபாடியின் வகை) பார்க்கும் பட்டை ஒன்றில் சோதித்துவிடுவது நல்லது. சில நிமிடங்களில் முடிகிற வேலை.

கவனம் தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது. புரோட்டீன் ஜி-யிலிருந்து ஆன்டிபாடியை இறக்க பிஎச் 2.5 முதல் 3 வரையிலான கிளைசின் பஃபர் தேவை. அந்த அமிலத்தில் ஆன்டிபாடி நெடுநேரம் கிடந்தால் கெட்டுவிடும். சேகரிக்கும் சிறு குழாய்களில் முன்கூட்டியே பிஎச் 8.5 அல்லது 9 உள்ள டிரிஸ் பஃபரைக் கொஞ்சம் ஊற்றி வைத்துவிட்டு, சொட்டுகளை நேராக அதற்குள் விழ விட வேண்டும். குழாயை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்கியபின் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால் சரி. லேசாகப் பால் கலந்ததுபோல் மங்கினால் ஆன்டிபாடி திரள ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் குழாயை மற்றவற்றோடு சேர்க்கக் கூடாது.

மறைமுகச் செலவுகள் மூன்று. முதலாவது சீரம். மீடியத்தில் மாட்டுச் சீரம் இருந்தால் மாட்டின் ஐஜிஜியும் புரோட்டீன் ஜி-யில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். கருக்கன்றுச் சீரத்தில் அது குறைவு, வளர்ந்த கன்றின் சீரத்தில் அதிகம். ஹைப்ரிடோமா ஒரு மில்லிலிட்டருக்குப் பொதுவாகச் சில பத்து மைக்ரோகிராம்தான் சுரக்கும் என்பதால், இந்தக் கலப்படம் சிறியதாக இருக்காது. புரதங்களை அளவுப்படி பிரித்துக் காட்டும் ஜெல்லில் இரண்டும் 50, 25 கிலோடால்டன் பட்டைகளாகவே தெரியும், பிரித்துப் பார்க்க முடியாது. ஐஜிஜி நீக்கிய சீரமோ சீரமில்லா மீடியமோ வாங்கினால் தீரும், அந்தச் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, ஒரே ரெசினைப் பல ஆன்டிபாடிகளுக்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது. முந்தையதன் மிச்சம் அடுத்ததில் கலக்கும். ஆன்டிபாடி ஒவ்வொன்றுக்கும் தனி ரெசின் வைப்பதுதான் சரியான வழி.

மூன்றாவது, கவனிக்கும் ஆள். பயிற்சி பெற்ற ஒருவர் படிப்பு முடிந்து போய்விட்டால் அந்தத் திறமையும் கூடவே போய்விடுகிறது. புதியவர் கற்றுக்கொள்ளும் மாதங்களில்தான் குப்பிகள் கெடுகின்றன.

பத்திரப்படுத்துவதில் பல ஆய்வகங்கள் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரிலேயே நின்றுவிடுகின்றன. அது இடைத்தங்கல். வேகமாகப் பெருகும் நிலையில் உள்ள செல்களை எடுத்து, சுமார் 10 சதவீத டிஎம்எஸ்ஓ (உறையும்போது செல்லைக் காக்கும் திரவம்) சேர்த்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்ற வேகத்தில் குளிர்வித்து, மறுநாளோ அதற்கடுத்த நாளோ திரவ நைட்ரஜனுக்கு மாற்ற வேண்டும். மைனஸ் 135 டிகிரிக்குக் கீழே போனால்தான் செல்லுக்குள் மாற்றங்கள் உண்மையில் நிற்கின்றன. மைனஸ் 80இல் மாதக்கணக்கில் வைத்தால் உயிர்ப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

சொந்த ஆய்வகம் எப்போது சரி? மாதாமாதம் ஆன்டிபாடி தேவைப்படும்போது, தேவை ஆராய்ச்சி அளவில் இருக்கும்போது, நைட்ரஜன் தொட்டியை நிரப்பும் பொறுப்பு ஒருவர் பெயரில் தெளிவாக இருக்கும்போது.

நிறுவனத்தின் பொது ஆய்வு வசதி

பல பல்கலைக்கழகங்களிலும் ஆராய்ச்சி நிறுவனங்களிலும் எல்லாருக்கும் பொதுவான ஆன்டிபாடி அல்லது செல் வளர்ப்பு வசதி இருக்கும். பெரும்பாலும் வெளிச் சேவையைவிடக் கட்டணம் குறைவு, செல்லை விமானத்தில் ஏற்ற வேண்டியதில்லை, நேரில் போய்ப் பேசலாம். கடைசியாகச் சொன்னதை நான் பெரிதாக மதிக்கிறேன். உங்கள் ஆன்டிபாடி அமிலத்தில் திரள்கிறது என்று தெரிந்தால், அங்கே இருப்பவர் அடுத்த முறை பிஎச்சைக் கொஞ்சம் உயர்த்திப் பார்ப்பார். கொட்டேஷனில் அதற்கு இடமே இருக்காது.

குறை, வரிசையில் காத்திருப்பது. இன்னொன்று, ஒரே இன்குபேட்டரைப் பலர் பகிர்வதால் வரும் தொற்று அபாயம். வெளியிலிருந்து வரும் செல்களைத் தனியாக வைத்து, மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியா இருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் உள்ளே எடுக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் சுத்திகரிப்புக்கு மீடியத்தை மட்டும் கொடுங்கள், செல்லைக் கொடுக்க வேண்டாம்.

கட்டணச் சேவை நிறுவனம்

இவர்களின் பலம் அளவும் கருவிகளும். நூறு மில்லிகிராம் வேண்டும், எண்டோடாக்சின் குறைவாக வேண்டும், திரள்களின் சதவீதத்தை அளவு வாரியாகப் பிரிக்கும் குரோமட்டோகிராஃபியில் காட்ட வேண்டும் என்றால், அந்தக் கருவிகளை ஒரு சிறிய ஆய்வகம் வாங்குவதில் பொருளில்லை. அறிக்கையும் முறையாக வரும்.

ஆனால் கொட்டேஷனை நிதானமாகப் படிக்க வேண்டும். "95 சதவீதத்துக்கு மேல் தூய்மை" என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் ஜெல்லில் பார்த்த தூய்மை. அந்த ஆன்டிபாடி தன் இலக்கோடு ஒட்டுகிறதா என்பதற்கு அது பதிலே சொல்வதில்லை. தூய்மையான, ஆனால் செத்துப்போன புரதமும் ஜெல்லில் அழகான பட்டைதான் காட்டும். ஆன்டிஜனை, அதாவது அந்த இலக்கைக் கொடுத்து, ஒவ்வொரு பேட்ச்சிலும் எலைசாவில் ஒட்டும் திறனைப் பார்த்துத் தரச் சொல்ல வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் இருக்கும், கொடுக்கலாம்.

பஃபர் விஷயம் இன்னொன்று. பூஞ்சை, பாக்டீரியா வராமல் இருக்க 0.02 சதவீத அளவில் சோடியம் அசைடு சேர்த்து அனுப்புவது பரவலான வழக்கம். அசைடு உயிருள்ள செல்களுக்கு நஞ்சு, சோதனைகளில் நிறம் காட்டப் பயன்படும் எச்ஆர்பி என்சைமையும் முடக்கும். டிரிஸ் பஃபரில் வந்தால், அமீன் குழுக்களில் ஒட்டும் சாயங்களை அந்த டிரிஸ்ஸே விழுங்கிவிடும். பஃபரைத் திரும்ப மாற்றும்போது ஆன்டிபாடியில் ஒரு பங்கு வீணாகும். முன்கூட்டியே சொன்னால் செலவில்லாமல் முடிகிற வேலை இது.

அப்புறம், வாசலிலேயே நடக்கும் சோதனை. செல் வந்து இறங்கியதும் பல நிறுவனங்கள் மைக்கோபிளாஸ்மா பார்ப்பார்கள். இருந்தால் வேலையை நிறுத்திவிடுவார்கள், அல்லது அதை நீக்கும் சிகிச்சைக்குத் தனியாகக் கட்டணம் போடுவார்கள். மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல் சுவர் கிடையாது. பெனிசிலின் அதை ஒன்றும் செய்யாது, வழக்கமான 0.22 மைக்ரான் வடிகட்டியையும் அது நெளிந்து கடந்துவிடக்கூடும். மீடியம் கலங்காது, செல்லும் உடனே சாகாது. அதனால் சோதிக்காத வரை இருப்பது தெரியாது. பிசிஆர் சோதனை சில மணி நேரத்தில் முடியும். முறையான வளர்ப்புச் சோதனைக்கு 28 நாள் ஆகும். அனுப்பும் முன் பிசிஆர் ஒன்றாவது செய்துவிட்டால் இரண்டு பக்கமும் நேரம் மிச்சம்.

வெளிச் சேவை சரியாக வருவது, ஒரே முறை பெரிய அளவு தேவைப்படும்போது, அல்லது வெளியாருக்குக் காட்ட அறிக்கை வேண்டியிருக்கும்போது.

செல் வங்கி

அமெரிக்காவின் ஏடிசிசி என்ற செல் வங்கி 1925இலிருந்து இருக்கிறது. ஜெர்மனியின் டிஎஸ்எம்இசட், பிரிட்டனின் ஈசிஏசிசி போன்றவையும் இதே வேலையைச் செய்கின்றன. அயோவா பல்கலைக்கழகத்தில் இருக்கும் டிஎஸ்எச்பி, 1986 முதல் ஹைப்ரிடோமாக்களுக்கென்றே நடக்கும் வங்கி.

இங்கே ஒப்படைப்பதில் வெவ்வேறு வகை இருக்கிறது, பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பாதுகாப்புக்காக மட்டும் வைப்பது ஒன்று, உங்கள் அனுமதி இல்லாமல் யாருக்கும் போகாது. பொது விநியோகத்துக்குக் கொடுப்பது இன்னொன்று. காப்புரிமைக்காக புடாபெஸ்ட் ஒப்பந்தத்தின்கீழ் வைப்பது மூன்றாவது. 1977இல் உருவான அந்த ஒப்பந்தப்படி வங்கி குறைந்தது 30 ஆண்டு காக்க வேண்டும். நினைத்தபோது திரும்ப எடுத்துக்கொள்ளும் வழியும் கிடையாது. எந்தப் படிவத்தில் கையெழுத்திடுகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொட்டியை நிரப்புவதும் கண்காணிப்பதும் அவர்கள் பொறுப்பு. நைட்ரஜன் திரவத்துக்குள் முக்கி வைப்பதா, அதன் ஆவியில் வைப்பதா என்ற கேள்வியைக் கேட்கலாம். திரவத்தில் கிடக்கும் குப்பிக்குள் நைட்ரஜன் கசிந்தால் வெளியே எடுக்கும்போது வெடிக்கலாம், ஒரு குப்பியின் தொற்று இன்னொன்றுக்கும் பரவலாம். ஒரே தொட்டியில் சேமித்த மாதிரிகள் வழியே ஹெபடைட்டிஸ் பி பரவியதை 1995இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஆவியில் வைக்கும் முறை பரவ அதுவும் ஒரு காரணம்.

வங்கி செய்யாதது: உங்களுக்கு வேண்டிய ஆன்டிபாடியைத் தயாரித்துத் தருவது பெரும்பாலான வங்கிகளின் அடிப்படைப் பணி இல்லை. செல் சுரக்கிறதா என்று எல்லா வங்கியும் பார்ப்பதும் இல்லை. உறைய வைத்த செல் உயிரோடு எழுந்தது என்பதோடு சிலரின் அறிக்கை முடிந்துவிடும்.

அடையாளச் சோதனை பற்றியும் சொல்ல வேண்டும். தவறாக அடையாளம் காணப்பட்ட செல் லைன்கள் ஐக்லாக் என்ற சர்வதேசக் குழுவின் பட்டியலில் 500க்கும் மேல் இருக்கின்றன. மனித செல்களுக்கு எஸ்டிஆர் (டிஎன்ஏ அடையாளக் குறி) சோதனை அவசியம். ஆனால் எலி ஹைப்ரிடோமாவுக்கு மனித எஸ்டிஆர் தொகுப்பைச் செய்து பயனில்லை, இதற்குப் பணம் கட்டியவர்கள் உண்டு. எலிக்கான குறிகளும், ஐசோடைப்பும், ஆன்டிபாடியின் மரபு வரிசையும்தான் இங்கே அடையாளம்.

மரபு வரிசையாகச் சேமிப்பது

இது ஓர் இடம் இல்லை, ஒரு முறை. மற்ற நான்கோடும் சேர்த்துச் செய்யலாம். செல் உயிரோடு இருக்கும்போது அதன் ஆர்என்ஏவிலிருந்து ஆன்டிபாடியின் மாறும் பகுதிகளை (இலக்கோடு ஒட்டும் பகுதிகளை) படித்துவிட்டால், பின்னாளில் செல்லே இல்லாவிட்டாலும் எச்இகே 293 போன்ற, ஆய்வகத்தில் வளரும் மனித செல்லில் அதைத் திரும்ப உருவாக்க முடியும். 2015இல் ஆன்டிபாடி ஆய்வாளர்களான பிராட்பரியும் ப்ளக்துனும், நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளோடு சேர்ந்து, ஆய்வு ஆன்டிபாடிகள் எல்லாம் வரிசையால் வரையறுக்கப்பட வேண்டும் என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். அது சரியான கோரிக்கை என்றே நினைக்கிறேன். 2018இல் வந்த ஆய்வு ஒன்று 185 ஹைப்ரிடோமாக்களைப் படித்துப் பார்த்தது. ஏறத்தாழ மூன்றில் ஒன்றில், ஆன்டிபாடியை உருவாக்கும் புரதச் சங்கிலிகளில் கூடுதலாக ஒன்றாவது வெளிப்பட்டது. ஒரே ஆன்டிபாடி என்று நம்பி வாங்கியது கலவையாக இருந்திருக்கிறது.

இதிலும் கவனிக்க வேண்டியது உண்டு. இணைக்கப் பயன்படுத்திய மைலோமாக்கள் பலவற்றில் வேலை செய்யாத லேசான சங்கிலி ஒன்றின் ஆர்என்ஏ ஏற்கெனவே இருக்கிறது. அனுபவமில்லாதவர்கள் அதையே உங்கள் ஆன்டிபாடியின் வரிசை என்று தந்துவிடலாம். அதனால் வரிசைக் கோப்போடு நிறுத்தாமல், அதை வைத்துத் தயாரித்த ஆன்டிபாடியையும் பழைய ஆன்டிபாடியையும் பக்கம் பக்கமாக வைத்து ஒட்டும் திறனைப் பார்க்க வேண்டும். செல் செத்துவிட்டது, ஆன்டிபாடி மட்டும் மிச்சம் என்றால் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியால் புரதத்தையே படிக்கலாம். செலவு அதிகம். லூசின், ஐசோலூசின் என்ற இரண்டு அமினோ அமிலங்களும் ஒரே நிறை என்பதால் அவற்றைப் பிரித்தறிவதும் சிரமம்.

ஒரே பார்வையில்

| | சொந்த ஆய்வகம் | பொது வசதி | கட்டணச் சேவை | செல் வங்கி | வரிசைச் சேமிப்பு |
|---|---|---|---|---|---|
| செல் இழப்புக்குக் காப்பு | தொட்டியையும் ஆளையும் பொறுத்தது | நடுத்தரம் | ஒப்பந்தத்தைப் பொறுத்தது | மிக நன்று | செல் இல்லாமலும் மீட்கலாம் |
| ஆன்டிபாடி தயாரிப்பு | சிறு அளவு, அடிக்கடி | சிறு, நடுத்தர அளவு | பெரிய அளவு | பொதுவாக இல்லை | தனியே தயாரிக்க வேண்டும் |
| வெளியாருக்கான சான்று | குறைவு | ஓரளவு | நன்று | நன்று | வரிசையே சான்று |
| மறைமுகச் செலவு | சீரம், ரெசின், ஆள் | காத்திருப்பு | பஃபர், கூடுதல் சோதனை, அனுப்புதல் | பராமரிப்புக் கட்டணம், படிவ நிபந்தனை | சரிபார்ப்பு |

யாருக்கு எது

ஒரே ஒரு ஹைப்ரிடோமா, அதை நம்பி ஒரு முழு ஆராய்ச்சித் திட்டம், கையில் குறைந்த பணம். இந்த நிலையில் இருப்பவருக்குச் சொல்வேன்: சுத்திகரிப்பைச் சொந்தமாகவோ பொது வசதியிலோ எளிமையாக முடித்துக்கொள்ளுங்கள். மிச்சமாகும் பணத்தை வரிசை படிக்கச் செலவிடுங்கள், சில குப்பிகளை வேறு கட்டடத்தில் இருக்கும் தொட்டியிலோ வங்கியிலோ வையுங்கள்.

பல செல் லைன்களை வைத்திருக்கும் பழைய ஆய்வகம், தலைவர் ஓய்வுபெறப் போகிறார் என்றால் வேறு கணக்கு. எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. எந்தெந்த ஆன்டிபாடி இன்னும் பயன்பாட்டில் இருக்கிறதோ அவற்றை மட்டும் உருக்கி, சுரக்கிறதா என்று பார்த்து, மைக்கோபிளாஸ்மா இல்லாதவற்றை வங்கிக்கு அனுப்பலாம். பெயர்ப்பட்டை அழிந்த குப்பிகளில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

நோயறி கிட் செய்யப் போகிறவர்கள், தாய் வங்கி, வேலை வங்கி என்று இரண்டு அடுக்காகக் குப்பிகள் வைக்கும் சேவை நிறுவனத்திடம் முதலிலிருந்தே போவது நல்லது. தாய் வங்கியின் ஒரு குப்பியிலிருந்து வேலைக் குப்பிகள் தயாராகும், தினசரி வேலைக்கு வேலைக் குப்பிகளை மட்டும் தொடுவார்கள். பின்னால் சேர்க்க முயன்றால், ஏற்கெனவே செய்த சோதனைகளைத் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

ஆன்டிபாடி மட்டும் வேண்டும், செல் உங்களுடையது இல்லை என்றால், பாதிக் கேள்விகள் விழுந்துவிடும். வாங்கியதைச் சிறு பங்குகளாகப் பிரித்து வைத்தால் போதும். இங்கே ஒரே ஓர் எச்சரிக்கை: தானாகப் பனி உருக்கிக்கொள்ளும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள். பனி சேராமல் இருக்க அது அவ்வப்போது சூடேறும், ஆன்டிபாடி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உருகி உறையும். 50 சதவீத கிளிசரால் சேர்த்தால் மைனஸ் 20இல் உறையாமலே இருக்கும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், செல்லை வெளியே அனுப்பும் முன் ஒரு குப்பியை எடுத்து உருக்கிப் பாருங்கள். 37 டிகிரி நீரில், சின்னப் பனித்துண்டு ஒன்று மிச்சமிருக்கும்போதே வெளியே எடுத்து, வெதுவெதுப்பான மீடியத்தில் சேர்த்து, டிஎம்எஸ்ஓவை நீக்கி வளர விடுங்கள். உயிர்ப்பை உடனே எண்ணுவதோடு நிறுத்தாமல், மறுநாளும் எண்ணுங்கள். உறையும்போது அடிபட்ட செல்கள் பல அதற்குள்தான் சாகும். சில நாள் கழித்து மீடியத்தில் எலைசா போட்டுப் பாருங்கள். அதில் ஆன்டிபாடி வந்தால் கொட்டேஷன் கேட்கலாம். வரவில்லை என்றால், இன்னும் பழைய குப்பி ஏதாவது தொட்டியின் அடியில் இருக்கிறதா என்று தேடுவதுதான் அன்றைய வேலை.